மடிக்கு ஒருவர், தலைக்கு ஒருவர்

இஸ்திரி போட்ட வெள்ளைத் துணிகளைச் சோபாவில் ஒரு குவியலாகப் போட்டுவிட்டுத்தான் அவள் படுக்கப் போனாள். காலையில் எழுந்து வந்து பார்த்தபோது அவை மடிக்கப்பட்டு, ஓரங்கள் உள்ளே செருகப்பட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன.

அந்த வீட்டில் துணி மடிக்கிற பழக்கம் யாருக்குமே கிடையாது. கணவன் சுருட்டுவான். அவள் திணிப்பாள். ஓரத்தை உள்ளே செருகி மடிப்பது துணிக்கடைக்காரர்களின் வேலை என்பது அவளது உறுதியான நம்பிக்கை. பிள்ளை பிறந்ததிலிருந்து அவளுடைய மூளை எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்பது அவளுக்கே தெரியவில்லை; நேற்றுகூடப் பால் புட்டியைச் செருப்பு அலமாரியில் வைத்துவிட்டு வீடெல்லாம் தேடினாள். தூக்கக் கலக்கத்தில் தானே மடித்திருப்பாள். தூங்கும்போதாவது பொறுப்பு வந்ததே என்று தன்னையே கேலி செய்துகொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று காலை பிள்ளையைப் படமெடுக்க ஆள் வருகிறது. கப்பலில் வேலை பார்க்கும் கணவன், தான் பக்கத்தில் இல்லாத குறைக்கு ஏற்பாடு செய்த பரிசு. படமெடுக்கிற பெண் தொலைபேசியிலேயே எல்லாம் சொல்லியிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் சாமான் எதுவும் இருக்கக்கூடாது. ஹீட்டர் போட்டு நமக்கு வியர்க்கிற அளவுக்கு அறையைச் சூடாக்க வேண்டும், அப்போதுதான் துணியில்லாத பிள்ளைக்குக் குளிராது. பிள்ளை நன்றாகத் தூங்க, தாயின் வயிற்றுக்குள் கேட்பது மாதிரியான இரைச்சல் பதிவை ஓடவிட வேண்டும்.

"மெத்தையில போட்டா முழிச்சுக்கும் மேடம். அதனால உங்களை உட்கார வச்சு, தலையிலேர்ந்து துணி போட்டு மூடிடுவேன். உங்க மடியில பிள்ளை. படத்துல மேகத்துல தூங்கற மாதிரி இருக்கும். ஆனா கழுத்து நிக்காத பிள்ளை பாருங்க, தலையைப் பிடிக்க இன்னொருத்தர் வேணும். மடிக்கு ஒருத்தர், தலைக்கு ஒருத்தர். கை தெரிஞ்சா நான் கம்ப்யூட்டர்ல அழிச்சுக்குவேன். உங்க வீட்ல ஒரு அக்கா இருக்காங்களாமே, சார் சொன்னாரு. அதனால அசிஸ்டெண்டை நான் கூட்டிட்டு வரலை."

"இருக்காங்க," என்றாள் அவள்.

அப்படி ஓர் அக்கா இல்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பால் குடிக்காமல் அலறிய அன்று, இவளும் சேர்ந்து அலறிவிட்டாள். பார்க்க வந்திருந்த நாத்தனார் பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "தாயில்லாத பொண்ணு, உன்னால தனியா முடியாதும்மா. ரெண்டு மாசம் எங்கிட்ட இருக்கட்டும்," என்றாள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அந்தத் தோளில் பிள்ளை சட்டென்று அடங்கிய விதம் இவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அந்த நிமிடத்தில் வாயில் வந்த பொய் அது: "வேண்டாம் அண்ணி, வீட்டோட இருக்க ஒரு அக்காவைப் பேசி வச்சிருக்கேன்."

அதன்பின் அக்காவுக்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. கணவன் கேட்கக் கேட்க, அக்காவுக்கு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனாள். அதிகம் பேசமாட்டாங்க. கேமரான்னா கூச்சம். எப்பவும் சாம்பல் நிற சால்வை. கை மட்டும் சில்லுன்னு இருக்கும்; அதனால பிள்ளையைத் தூக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கையைத் தேய்ச்சுத் தேய்ச்சுச் சூடாக்கிக்குவாங்க. இந்தக் கடைசி விவரத்தைச் சொல்லி முடித்தபோது அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. சில மாலைகளில், சுவரைத் தவிரப் பேச ஆளில்லாத போது, "என்ன அக்கா, டீ போடட்டுமா?" என்று சத்தமாகக் கேட்டதும் உண்டு. பதில் வராத வீட்டில் கேள்வியாவது இருக்கட்டுமே.

அன்று காலையும் கணவன் ஃபோனில் கூப்பிட்டான்.

"அக்கா எழுந்தாச்சா?"

"ம்ம். துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்காங்க."

"பார்த்தியா, நீ என்னைக்கு மடிச்சே? அந்த அக்காவை விட்டுடாதே."

"கப்பல்ல உட்கார்ந்துட்டு என் மானத்தை வாங்குங்க," என்று சிரித்தாள். இணைப்பு அறுந்தபின் கொஞ்ச நேரம் ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

வீட்டைத் தயார் செய்வதோடு பொய்யையும் தயார் செய்ய வேண்டியிருந்தது. பீரோவின் அடியிலிருந்து ஒரு பழைய சாம்பல் நிறச் சால்வையை எடுத்து உதறினாள். நனைந்து காயாத கம்பளியின் வாசனை. அதை ஜன்னலோர நாற்காலியின் முதுகில் போட்டாள். மூலையில் கிடந்த தேய்ந்த செருப்பை, அக்காவின் இன்னொரு ஜோடி போல, வாசலில் வைத்தாள். மேசையில் இரண்டாவதாக ஒரு டம்ளர். ஆள் கடைக்குப் போயிருக்கிறாள், வர நேரமாகும் போல, தலையணை வைத்துச் சமாளிக்கலாமே என்று சொல்லிவிடலாம். நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் இந்நேரம் பெரிய ஆளாகியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹீட்டரின் கம்பிகள் சிவந்து, அறையெங்கும் சூடான தூசியின் மணம் பரவியது. ஜன்னலுக்கு வெளியே மேகம் மூடிய வெளிச்சம், பால் கலந்த தண்ணீரைப் போலத் தரையில் படர்ந்து, நாற்காலிக் காலைத் தொட்டு நின்றது. வெளிச்சம் போதுமா என்று பார்க்க ஒரு படம் அனுப்பும்படி படமெடுக்கிற பெண் சொல்லியிருந்தாள்; எடுத்து அனுப்பினாள். பதில் உடனே வந்தது.

"சூப்பர் வெளிச்சம் மேடம். அக்காவை மட்டும் ஜன்னல்கிட்டேர்ந்து கொஞ்சம் நகரச் சொல்லுங்க, மறைக்கறாங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாற்காலி. சால்வை. அவ்வளவுதான். ஆனால் அந்தச் சால்வை தொங்கவில்லை. இரண்டு பக்கமும் தோள்பட்டை வைத்தாற்போல விரிந்து, நடுவில் புடைத்திருந்தது. நிமிர்ந்து நாற்காலியைப் பார்த்தாள். அங்கே சால்வை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

சிரித்துப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை.

பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தொட்டிலில் கிடத்திவிட்டு, இரைச்சலை ஓடவிட்டாள். உஸ்ஸென்று நீரோட்டம் போல ஒரு சத்தம், அதனடியில் மெதுவான ஒரு துடிப்பு. துணிகளை எடுக்கக் கூடத்துக்கு வந்தாள். இரைச்சல் கதவைத் தாண்டிப் பின்னாலேயே வந்தது. அதற்குள் இன்னொரு சத்தமும் இருந்தது. முதலில் அது அந்தப் பதிவிலேயே உள்ளது என்று நினைத்தாள். சரக். சரக். காய்ந்த இலையோடு இலை உரசுவது போல. நிதானமாக. பொறுமையாக.

அறைக்குள் போய் இரைச்சலை நிறுத்தினாள்.

சரக்.

இன்னும் ஒரு முறை. பிறகுதான் நின்றது.

பிள்ளை தொட்டிலில் தூங்கியது. போர்வை கழுத்துவரை இழுத்து விடப்பட்டிருந்தது. ஓரங்கள் உள்ளே செருகப்பட்டிருந்தன.

பிள்ளையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு ஃபோனைத் தேடினாள். யாரைக் கூப்பிடுவது? கணவனையா? 'அக்கா இருக்காங்கல்ல, அப்புறம் என்ன பயம்?' என்பான். அக்காவே இல்லை என்று சொன்னால் அடுத்த மணி நேரத்தில் நாத்தனார் வாசலில் நிற்பாள். இல்லாத ஆளை வீட்டில் வைத்திருந்தவளிடம், இல்லாத சத்தத்தைக் கேட்கிறவளிடம், பிள்ளையை யார் விட்டு வைப்பார்கள்? அவர்கள் இடத்தில் தானே இருந்தாலும் விடமாட்டாள். கட்டைவிரல் நாத்தனாரின் பெயர்மேல் வந்து நின்று, விலகியது.

"மேடம்?"

தூக்கிவாரிப் போட்டது. படமெடுக்கிற பெண் பைகளோடு கூடத்தில் நின்றாள். "கதவு திறந்தே கிடந்துச்சு, அதான் பெல் அடிக்காம வந்துட்டேன். அப்பா, என்ன சூடு! சொன்னபடி செஞ்ச முதல் அம்மா நீங்கதான்."

இன்னொரு மனிதக் குரல். அதைக் கேட்டதும் அவள் கண்ணில் நீர் முட்டியது. கதவைப் பூட்டினோமா என்று யோசித்தாள், நினைவில்லை. எது நினைவிருக்கிறது?

"அக்கா எங்கே?"

"கடைக்குப் போயிருக்காங்க. வர நேரமாகும் போல. தலையணை வச்சு..."

"வரட்டும் வரட்டும். நான் எல்லாத்தையும் செட் பண்றேன். அட, என்னடா தங்கக்கட்டி, ஊரையே விலைக்கு வாங்கற மாதிரி தூங்கறே!"

அந்தப் பெண்ணின் பேச்சு வீட்டை நிரப்பியது. பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, அசட்டுத்தனமாக மாறியது. சொன்ன இடத்தில், தாழ்ந்த முக்காலியில், ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தாள். தலையிலிருந்து தரைவரை வெள்ளைத் துணி விழுந்தது. உலகம் ஒரு வெள்ளை வெளிச்சமாகச் சுருங்கியது. துணிக்கு அடியில் அவள் கைகள். துணிக்கு மேலே, அவள் மடியில், பிள்ளையின் சூடான சின்ன பாரம். இரைச்சல் மறுபடி ஓடத் தொடங்கியது.

"பேசாதீங்க மேடம், அசையாதீங்க. நான் கேமராகிட்ட போறேன்."

காலடிகள் அறையின் மறுகோடிக்குப் போயின. பொத்தான்களின் கிளிக். பிறகு அந்தப் பெண்ணின் உற்சாகக் குரல்:

"வந்துட்டீங்களா அக்கா! சரியான நேரம். அவங்க பக்கத்துல மண்டி போட்டு, துணிக்கடியில கையை விட்டுத் தலையைத் தாங்கிக்கங்க. கையை மட்டும் கொஞ்சம் சூடாக்கிக்கங்க."

சரக். சரக்.

காதருகே.

நனைந்து காயாத கம்பளியின் வாசனை. வெள்ளைத் துணியின் இடப்பக்கம் மெல்ல இருண்டது. சாம்பல் நிறமாக. அவள் வாயைத் திறந்தாள்.

"ஷ்ஷ்... இப்பத்தான் அசந்து தூங்குது மேடம்."

துணியின் ஓரம் உயர்ந்தது. ஒரு கை உள்ளே வந்தது. நீண்ட விரல்கள். வெகுநேரம் தண்ணீரில் கிடந்ததுபோல வெளுத்துச் சுருங்கிய தோல். வெட்டிய, சுத்தமான நகங்கள். அது தடுமாறவில்லை. இடம் தெரிந்த கை. பிள்ளையின் பிடரிக்கு அடியில் போய் நின்றது. அத்தனை தேய்த்தும் சூடு ஏறவில்லை.

கத்த வேண்டும். கத்தினால் அந்தக் கை திடுக்கிடும். அந்த விரல்களுக்கும் பிள்ளையின் கழுத்துக்கும் நடுவே ஒரு துணிதான். அவள் மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

"அருமை. மேடம், நீங்க கையை எடுத்துடலாம். அக்கா நல்லாப் பிடிச்சிருக்காங்க."

எடுக்கவில்லை. இறுக்கினாள்.

இரண்டாவது கை உள்ளே வந்தது.

அவள் சுண்டு விரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தியது. தூங்கும் பிள்ளையின் பிடியிலிருந்து பொம்மையை எடுப்பது போல. கோபமே இல்லாமல். பிறகு அடுத்த விரல். அதற்கடுத்த விரல்.

"ஐயோ, தூக்கத்துல சிரிக்குது பாருங்க! அப்படியே தூக்குங்க அக்கா. உங்க தோள்ல ஒண்ணு எடுத்துக்கறேன்."

கிளிக்.

வெள்ளைத் துணிக்கு அப்பால், ஜன்னலை மறைத்துக்கொண்டு, சாம்பல் நிற நிழல் நிமிர்ந்தது. அதன் தோளில் ஒரு சின்ன மேடு.

பிள்ளை அழவில்லை.

மடியில் சூடு மட்டும் இருந்தது. அதுவும் ஆறத் தொடங்கியது.