ஏரிப்படத்தில் மூன்று ஆடுகள்

மேபலின் அப்பா வரைந்த படத்தை ஊர் மன்றச் சுவரில் மாட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பண்ணைக்காரர் பிர்கெட் சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

அலையே இல்லாத ரேவன் ஏரி. தண்ணீரில் தலைகீழாக மலை. கரையில் மூன்று ஆடுகள். பார்ப்பவர்களுக்கு மெதுவாகப் பேசத் தோன்றும். பிர்கெட்டுக்குத்தான் தோன்றவில்லை.

அந்தக் கரை அவருடைய மேய்ச்சல் நிலம். ஒவ்வொரு பண்ணைக்காரரும் தம் ஆடுகளின் முதுகில் ஒரு நிறத்தைப் பூசி அடையாளம் வைப்பார்கள். பிர்கெட்டுக்குச் சிவப்பு. படத்து ஆடுகளுக்கோ நீலம்.

"என் புல்ல அடுத்தவங்க ஆடு மேயுதா? லண்டன்காரருக்குப் படம் அழகா இருந்தாப் போதும். ஆடு யாரோடதா இருந்தா என்ன?" என்றார் பிர்கெட். கூடியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மேபலுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. லண்டனிலிருந்து வந்து இந்த ஊரில் குடியேறியபின் அப்பாவின் படம் ஒன்று ஊரார் பார்வைக்கு வருவது இதுதான் முதல் தடவை. மறுநாள் கண்காட்சி.

எல்லோரும் போனதும் அப்பா சிவப்பு வண்ணத்தைக் குழைக்க ஆரம்பித்தார்.

"அப்பா, நீங்க என்ன நிறம் பாத்தீங்க?"

"நீலம்னுதான் நெனச்சேன். வெளிச்சம் ஏமாத்தியிருக்கும். விடும்மா, நாளைக்கும் சிரிப்பாங்க."

மேபலுக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு வாத்தின் கழுத்து நிறம் பிடிபடவில்லை என்று கொட்டும் மழையில் காத்துக்கிடந்த மனிதர் அவர். பார்க்காத எதையும் வரைய மாட்டார். அவள் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு, தான் திரும்பி வரும்வரை படத்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நீலம், மலைக்கு அப்பால் பண்ணை வைத்திருக்கும் த்வெயிட் அம்மாவின் நிறம். ஆடு ஏதாவது காணாமல் போனதா என்று மேபல் கேட்டாள். குளிர்காலத்துப் பனியில் மூன்றைத் தொலைத்துவிட்டதாகவும், செத்திருக்கும் என்று கைவிட்டதாகவும் அவர் சொன்னார். படம் பார்க்கக் கூப்பிட்டதும், வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று முணுமுணுத்தார். ஆனாலும் வந்தார்.

படத்தின் அருகே குனிந்தவர் ஓர் ஆட்டின் காதைச் சுட்டிக்காட்டினார்.

"இது என்னோட கிழிஞ்ச காதுக்காரி," என்றார். "உயிரோடவா இருக்கா?"

பிர்கெட்டையும் இழுத்துக்கொண்டு படகில் போனார்கள். பனியின் பாரத்தில் மேட்டுக் கல்வேலி சரிந்து கிடந்தது. அந்த வழியாகத்தான் ஆடுகள் இறங்கி வந்திருக்கின்றன. கரையில் மூன்றும் பிர்கெட்டின் புல்லைத் தின்று கொழுத்து, முதுகில் நீலத்தோடு நின்றன.

பிர்கெட் பிடரியைச் சொறிந்தார். "பனி பெய்ஞ்சதுக்கு அப்புறம் நான் இந்தப் பக்கமே வரல, பாப்பா. உங்கப்பாதான் வந்து உக்காந்து பாத்திருக்காரு."

மறுநாள் மன்றத்தில் கூட்டம் நெரிந்தது. பிர்கெட் படத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கிழிந்த காதைக் காட்டினார். யார் வரைந்தது என்று ஒருவர் கேட்டார். பிர்கெட் வாயைத் திறப்பதற்குள் மேபல் முந்திக்கொண்டாள்.

"எங்கப்பா!"