இன்னும் ஒரு துணி

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கெசியா புனேயில் தாபோடிப் பகுதியிலிருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அக்காவின் சூட்கேஸ் வாசலுக்கே வந்துவிட்டிருந்தது. மழையில் நனைந்த கால்களை வாசலில் கிடந்த சிவப்புக் கந்தலில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"ராத்திரி திருநெல்வேலி ரயில்," என்றாள் அக்கா ஆரோக்கியமணி. "இனி இந்த மனுசனோட ஒரு வீட்ல இருக்க மாட்டேன்ட்டி."

இந்த மனுசனான அத்தான் இன்பநாதன் ஜன்னலோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காணாமல் போனது ஒரு ஸ்வெட்டர். எட்டு வயதுப் பிள்ளையின் பள்ளிக்கூட மெரூன் ஸ்வெட்டர். இடது கை விளிம்பு நூல் நூலாகப் பிரிந்திருக்கும். அதைக் கடித்துக்கொண்டேதான் அவர்கள் மகள் ஜெபிஷா பாடம் படிப்பாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டு, இந்த ஒன்றை மட்டும் மணி பீரோவில் பூட்டி வைத்திருந்தாள். வியாழக்கிழமை பிள்ளையின் பிறந்தநாள். அன்று பீரோவைத் திறந்தால் வெறும் பிளாஸ்டிக் கவர்தான் இருந்தது.

பூட்டு உடையவில்லை. சாவி இருக்கும் இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் போன வருடம், "எத்தனை நாளைக்கு இதை வச்சு அழப்போற, யாருக்காவது குடுத்திருவோம்," என்று வாய்தவறிச் சொல்லியிருந்தார். வழக்கு முடிந்தது என்பது மணியின் கட்சி.

கெசியாவுக்குக் கேம்ப் பகுதியில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. பொய் க்ளெய்ம்களை மோப்பம் பிடிப்பது அவள் பிழைப்பு. அக்கா வீட்டுக்குள் மோப்பம் பிடிக்க அவளுக்குத் துளியும் ஆசையில்லை. ஆனால் வாசலில் அந்த சூட்கேஸ் நின்றது.

"கடைசியா எப்போ பார்த்த?"

"போன மாசம், மழை விட்டு வெயில் அடிச்சுதே, அன்னைக்கு. பால்கனிக் கொடியில காயப் போட்டேன். சாயந்தரம் எடுத்து வச்சேன்."

"வச்சது ஞாபகம் இருக்கா? இல்ல, எப்பவும் வைக்கதால சொல்லுதியா?"

"என்னட்டி கேள்வி இது?"

"எப்படி வைப்ப, சொல்லு."

"பாக்கெட்டுல புது அந்துருண்டை ரெண்டு போட்டு, மடிச்சு, கவர்ல வச்சுப் பூட்டுவேன். அதுக்குன்னே அன்னைக்குக் காலைல வாங்கிட்டு வந்தேன்."

"அன்னைக்கு வீட்டுக்கு யாரு வந்தா?"

"யாரும் வரல. பாத்திரக்காரி மட்டும் வந்தா."

பழைய துணியை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் தருகிற பெண்கள் புனேயில் தெருவுக்குத் தெரு வருவார்கள். மூட்டையையே கொடுத்தாலும், இன்னும் ஒரு துணி கேட்காமல் பாத்திரத்தைக் கையைவிட்டு விடமாட்டார்கள்.

"ஒரு பெட்ஷீட், ரெண்டு நைட்டி குடுத்தேன். இன்னொண்ணு குடுன்னு ஒரே பிடியா நின்னா. போன்ல எங்கிட்டப் படிக்கிற ஒரு பிள்ளையோட அம்மா, டீச்சர் மார்க் குறைச்சிட்டீங்கன்னு கத்திக்கிட்டு இருந்தா. கொடியில கெடந்த சிவப்புத் துண்டை உருவிக் குடுத்து அனுப்பினேன். இந்த டப்பா அப்போ வந்ததுதான்." மணி அந்த டப்பாவில்தான் ரயிலுக்குப் புளிசாதத்தை அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.

கெசியா பீரோவைத் திறந்தாள். காலிக் கவர். பக்கத்தில் பிரிக்காத அந்துருண்டைப் பொட்டலம். கீழ்த்தட்டு இன்பநாதனுடையது; அதில் மூன்றே சட்டைகள் கிடந்தன.

"அத்தான், உங்க கல்யாண கோட் எங்க?"

அவர் கண் கட்டிலுக்கு அடியில் போய்த் திரும்பியது. கெசியா குனிந்து ஒரு பையை இழுத்தாள். உள்ளே புத்தம் புதுக் கிண்ணங்கள், டம்ளர்கள், ஒரு குக்கர் தட்டு. எல்லாம் எவர்சில்வர்.

"பாத்தியா!" மணி அலறிவிட்டாள். "எம்பிள்ள ஸ்வெட்டரப் போட்டு கிண்ணம் வாங்கியிருக்காரு!"

"ஆமா," என்றார் இன்பநாதன். "நான்தான் போட்டேன். விடு, கெசியா."

இத்தனை வருட வேலையில் இவ்வளவு அவசரமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவரைக் கெசியா பார்த்ததில்லை. அவர் அவளைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்றது அந்தத் தலை. வாயை மூடிக்கொண்டால் அக்கா ரயில் ஏறிவிடுவாள். திறந்தால் அக்கா உடைந்துபோவாள். உடைந்தாலும் இந்த வீட்டில், இவர் பக்கத்தில் உடையட்டும் என்று தோன்றியது.

"ஒரு சின்ன ஸ்வெட்டருக்கு ஒரு கரண்டி கூடக் கெடைக்காது, அக்கா. இதெல்லாம் அத்தானோட சட்டைங்க. கல்யாண கோட்டும் இதுலதான் போயிருக்கு. துணி போட்டாத்தான பாத்திரக்காரி மூட்டைய அவுப்பா? அவுத்தாத்தான உள்ள தேட முடியும்?"

மணிக்கு விளங்கவில்லை. "எதைத் தேட?"

"அந்துருண்டைப் பொட்டலம் பிரிக்காம அப்படியே இருக்கு. ஸ்வெட்டர் பீரோவுக்குத் திரும்பவே இல்ல. கொடியில இருந்துதான் போயிருக்கு." கெசியா வாசலுக்குப் போய்க் கால்மிதியை எடுத்துவந்து உதறி விரித்தாள். மடிப்புக்குள் மறைந்திருந்த சாயம் போகாத சிவப்பு வெளியே வந்தது. "அன்னைக்கு நீ குடுத்தேன்னு சொன்ன துண்டு, இந்தா இருக்கு."

கால்மிதியை யார் குனிந்து பார்க்கிறார்கள்? அவளே வரும்போது அதில்தான் காலைத் துடைத்தாள்.

மணி துண்டைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள். ஒரு மாதமாகத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் சோறு கொண்டுபோயிருந்தாள். கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"நானா?" என்றாள். "எங்கையாலயா?"

அவள் அழுத அழுகையைக் கெசியா அதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் கேட்டிருக்கிறாள்.

"அன்னைக்கு ஷிப்ட் முடிஞ்சு வந்தா கொடியில துண்டு கெடக்கு, ஸ்வெட்டரக் காணும்," என்றார் இன்பநாதன். "நீ டப்பாவக் காட்டி சந்தோஷமாச் சொல்லுத. அப்பவே தெருவுல ஓடிப் பார்த்தேன். அவ போயிட்டா. நீ கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு அந்தத் துண்ட மடிச்சுக் கால்மிதியாப் போட்டேன்."

"ரெண்டு நாளா உங்கள என்னெல்லாம் பேசினேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எம்மேல கோவம்னா தாங்கிக்கிடுவ. ஓம்மேலயே கோவம்னா எப்படித் தாங்குவ, மணி?"

வெகுநேரம் கழித்து மணி எழுந்தாள். வாசலில் நின்ற சூட்கேஸை உள்ளே இழுத்து வந்து தரையில் வைத்துத் திறந்தாள். மேலே இருந்தது கல்யாணப் புடவை. அதை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"பாத்திரக்காரிங்க இருக்கிற ஏரவாடாப் பக்கம் எல்லாத் தெருவும் பார்த்தாச்சா?"

"ஆத்தங்கரைப் பக்கம் பாக்கி," என்றார் அவர்.

"செருப்பப் போடுங்க," என்றாள் மணி.