தூங்காத வண்டி

“ஒண்ணு கேக்கணும்ங்க.”

“கேளு. சுருக்கமா கேளு.”

“போன்ல வேணாம். கொஞ்சம் கீழ வண்டிகிட்ட வாங்களேன்.”

“கேக்குறதுக்குக்கூட உனக்கு ஒரு இடம் வேணுமா? சார்ஜர் மாட்டத் தெரியலன்னு சொல்லிட்டுப் போ. நான் வேலையா இருக்கேன்.”

மாடியில் இருந்த அவரிடம், கீழே கார் ஷெட்டிலிருந்து அவர் மனைவி கடைசியாகப் பேசியது இவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து அவர் இறங்கி வந்தபோது அவள் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து கிடந்தாள். “ஏசியைப் போட்டுக்கிட்டு இங்க ஒரு தூக்கம் வேறயா?” என்று அதட்டியபடி தோளைத் தட்டினார். தலை சரிந்தது.

அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து யாரும் ஓட்டாத அந்த மின்சார காரில் எத்தனை முறை ஏற்றி வைத்தாலும் தினமும் ஐந்து சதவீதம் சார்ஜ் குறைந்துகொண்டே வந்தது.

“நிக்கிற வண்டில கொஞ்சம் இறங்கத்தான் சார் செய்யும்,” என்றான் சர்வீஸ் சென்டர்காரன்.

“நிக்கிற மாடுகூட இவ்வளவு தின்னாதுப்பா. உனக்கெல்லாம் யார் வேலை குடுத்தது?”

முப்பது வருடமாக வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பவர் அவர். அவரைப் பொறுத்தவரை ஊரில் மூளை என்று இருப்பது ஒன்றுதான். அது அவர் தலைக்குள் இருந்தது. மச்சான் முட்டாள், பக்கத்து வீட்டுக்காரர் வெத்துவேட்டு, மனைவி பாவம், ஃபியூஸுக்கும் பல்புக்கும் வித்தியாசம் தெரியாதவள். முப்பது வருடத்துக்கு முன், கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் கையை நீட்டினாள். “இதுல என்ன கரண்டா ஓடுது, புடிச்சுப் பாக்க?” என்று கேட்டுச் சிரித்தார். அப்புறம் அவள் கையை நீட்டியதே இல்லை.

சாவு வீட்டோடு அவரிடம் பேச்சை நிறுத்திய மகள் நேற்றுதான் போன் செய்தாள். “அம்மா வண்டியை நாளைக்கு சாயங்காலம் எடுத்துக்கிறேன்ப்பா. மேல வர மாட்டேன். சாவியை மட்டும் குடுங்க.” வண்டியைக் குறையில்லாமல் நிறுத்திக் காட்டினால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவாவது மேலே வருவாள் என்று அவர் கணக்குப் போட்டார். அந்த ஆசையை வெளியே சொல்லும் ஆள் இல்லை அவர். கரண்ட் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மத்தியானம் மூன்று மணி. ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். ரப்பரும் ஈர சிமென்ட்டும் கலந்த வாடையின் நடுவே, அவள் கைக்குத் தடவுகிற கிரீமின் மணம் எங்கிருந்தோ மெல்லிய இழையாக வந்துகொண்டிருந்தது. சாவி பக்கத்தில் இருந்தால் வண்டிக்குள் கரண்ட் அடங்காது என்று, அதை மாடியில் பிஸ்கெட் டப்பாவுக்குள் மூடி வைத்தாயிற்று. பானட் பூட்டையும் இடது பக்கக் கதவின் பூட்டையும் ஸ்குரூ டிரைவரால் பூட்டிய நிலைக்குத் திருகிவிட்டார். கதவு திறந்தே கிடக்கும்; சாத்தியிருக்கிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். வண்டியும் பெண்டாட்டி மாதிரிதான், நாம போயிட்டோம்னு நம்பினாத்தான் தூங்கும் என்று தொழிலில் அவர் சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

பேட்டரி வயரில் மீட்டரைக் கவ்வவிட்டு ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்தார். ஒன்பது ஆம்பியர். நான்கு. ஒன்று. இருபதாவது நிமிடத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இறங்கியது. வண்டி தூங்கிவிட்டது.

“அவ்வளவுதான். இதுக்கு ஒரு சர்வீஸ் சென்டராம்.”

உள்ளே, இருக்கையின் தோல் உறை நெரியும் சத்தம். யாரோ புரண்டு உட்கார்வது போல.

ஒன்பது.

மறுபடி இருபது நிமிடம். மறுபடி நெரியும் சத்தம். மறுபடி ஒன்பது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். பதினான்காவதைப் பிடுங்கியதும் மீட்டர் இறங்கியது. திரும்பச் செருகியதும் ஏறியது. எது எதற்கு என்று ஃபியூஸ் பெட்டி அட்டையில் பார்த்தார். ஓட்டுநர் இருக்கை. ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று எடை பார்க்கும் சென்சார். ஆள் இருந்தால் வண்டி தூங்காது.

“ஈரம் ஏறுன சென்சார்,” என்று உரக்கச் சொன்னார். குரல் ஷட்டரில் மோதி வேறு யாருடையதோ போலத் திரும்பியது.

இடது கதவு வழியே குனிந்தார். டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு படம்: பெல்ட் போடாத மனிதன். ஓட்டுநர் இருக்கை நடுவில் குழிந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழி கொஞ்சம் ஆழமானது. கிரீம் மணம் மூக்கை அடைத்தது.

ஓடிவிடலாம். கால் பின்வாங்கவும் செய்தது. அப்போது தெருவில் ஆட்டோ நின்றது. கேட் கிரீச்சிட்டது.

“அப்பா?”

மகள். இன்னும் ஐந்து நிமிடத்தில் அவள் உட்காரப்போவது இந்த இருக்கையில்.

இருக்கைக்கு அடியில் சென்சார் வயரை இணைக்கும் ஒரு கனெக்டர் இருக்கும். கழற்றிவிட்டால் போதும். அவர் பக்கத்து இருக்கையில் குப்புறப் படுத்து, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை நுழைத்தார். இருட்டு. கம்பளம். குளிர். வயர் தட்டுப்படவில்லை.

டிக்.

சிவப்புப் படம் அணைந்தது. கழன்றுவிட்டதா?

இல்லை. விரல் இன்னும் எதையும் தொடவில்லை.

தலையைத் தூக்கினார். பெல்ட் மாட்டியிருந்தது. காலி இருக்கையின் குறுக்கே, ஓர் உடம்பின் பருமனுக்கு விம்மி நின்றது. மெல்ல ஏறியது. மெல்ல இறங்கியது.

கையை இழுத்தார். வரவில்லை. அடியில், ஜில்லென்று ஐந்து விரல்கள் அவர் விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாகப் புகுந்தன.

“அப்பா, எங்க இருக்கீங்க?” ஷட்டர் மேலே ஏறத் தொடங்கியது.

காதருகே, கெஞ்சலாக, முப்பது வருடம் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்த அவள் குரல்:

“நான் தூங்குற வரைக்கும் என் கையைப் புடிச்சுக்கிட்டு இருங்களேன்.”