இரண்டு கை உள்ள மூலக்கூறு

“சார்... கொஞ்சம் தள்ளி நில்லுங்க! வெயில மறைக்கீங்க!”

புதுத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை அளந்துகொண்டிருந்த பொறியாளன் வெள்ளத்துரை திடுக்கிட்டுத் திரும்பினான். கோபத்தில் சிவந்த ஒரு பெண்ணின் முகம்... ஆனால் என்ன கண்கள்! அவள் காலடியில் இரண்டு ஜோடிக் கண்ணாடித் தகடுகள். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் தேன் போல ஏதோ பளபளத்தது.

“என்னங்க இது... வத்தல் காயப்போட்ட மாதிரி?”

ஜீவமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாசரேத்துப் பெண், கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். மறைப்பில்லாத வெயில் தேடி இங்கே வந்திருந்தாள்.

“ரெசின்னு ஒரு பிசின். வெளிச்சம் பட்டா மூலக்கூறுங்க கைகோத்து இறுகும். இந்தத் தகட்டுல உள்ளதுக்கு ஒரு கை... சங்கிலியா நீளும். அதுக்கு ரெண்டு கை... வலையாப் பின்னும். அதான் சீக்கிரம் இறுகுது.”

“வலையில மாட்டுனா நகர முடியாதுல்லா? வேகம் குறையணுமே?”

அவள் புருவம் உயர்ந்தது. வகுப்பில்கூட யாரும் இதைக் கேட்டதில்லையே...

“நகர முடியாததாலதான் வேகம்! வளருத நுனி ரெண்டு சந்திச்சா வளர்ச்சி நின்னுரும். வலை சந்திக்க விடாது... வளர்ந்துக்கிட்டே போகும்.”

மறுநாளும் வந்தான், புதுக் கேள்விகளோடு. அதற்கடுத்த நாளும்... அன்று ஐப்பசி மழை சடசடவென்று இறங்கியது. பாதி இறுகியிருந்த தகடுகளை அவன் தன் கருவிப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

“யாரு மூடச் சொன்னா? வெளிச்சம் போயிட்டு... எல்லாம் பாழ்!”

அவன் முகம் வாடியது. பெட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு நனைந்தபடியே போனான். பிறகு வரவேயில்லை.

நாலு நாள் கழித்து ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்தாள். ஒரு கை ரெசின் கொழகொழவென்றே இருந்தது. இரண்டு கை ரெசினோ கல்லாகியிருந்தது. இருட்டிலேயே! வலையில் சிக்கிய நுனிகள் வெளிச்சமில்லாமலும் வளர்ந்திருக்கின்றன... இதை முதலில் யாரிடம் சொல்வது? பேராசிரியர் நினைவுக்கே வரவில்லை.

வீம்பை விட்டுத் துறைமுக அலுவலகத்துக்குப் போனாள்.

“இருட்டுலயா? எவ்வளவு நேரம் வளரும்?” அவன் கண்கள் விரிந்தன.

“இனிமேதான் பாக்கணும்... நீங்க ஏன் வரல?”

அவன் தலைகுனிந்தான். “நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்கார வீட்டுப் பொண்ணு. நான் ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாளைக் கும்பிடுத வயக்காட்டுக்காரன். கோவிச்ச சாக்குல விலகிரலாம்னு பாத்தேன்...”

“விலக முடிஞ்சிதா?”

“இல்ல...”

அவள் காதுமடல் சிவந்தது. “எனக்கும் முடியல. எங்க அப்பா கோவப்படுவாங்க... ஆனாலும் நான் பேசுதேன்.”

“எங்க அம்மைட்ட நான் பேசுதேன்” என்றான். பிறகு, முதன்முறையாக அவள் பெயரைச் சொன்னான். “ஜீவமணி... நான் கேட்ட கேள்வியில பாதி, நீங்க பேசுறதைக் கேக்கத்தான்.”