யானை மறைத்த வானம்

"ஏன்டி கயலு, உன் டிஷ்ஷு என்னாத்துக்கு இப்படி அழுவுது?" என்று சிரித்தாள் பக்கத்து மேசை சண்முகப்ரியா.

கயல்விழிக்குத்தான் அழுகை வந்தது.

பழைய டிவி டிஷ்ஷில், கேபிள்காரர் தேவநாதன் மாமாவிடம் இரவல் வாங்கிய மீட்டரைப் பொருத்தியிருந்தாள். எதிரே சூடான பொருள் இருந்தால் மீட்டர் 'கீ' என்று கத்தும், ஊசி ஏறும். வெறும் வானத்தைக் காட்டினால் ஊசி இறங்கும். நேற்று மொட்டை மாடியில் சொன்னபடி கேட்டது. இன்று பள்ளி மைதானத்தில், கண்காட்சி நாளில், வானத்தைக் காட்டியும் விடாமல் கத்தி மானத்தை வாங்கியது.

நடுவர் இரண்டு மேசை தள்ளி நின்றார். வானம் குளிர்ச்சியானது என்று காட்ட முடியாவிட்டால், பிரபஞ்சத்தின் சூட்டைப் பற்றி அவள் சொல்லப்போவதை யார் நம்புவார்கள்? நேற்று ஊசி இறங்கியதே, அதுவும் தன் ஆசையில் தெரிந்ததுதானோ?

வயர்களை இழுத்துப் பார்க்கக் குனிந்தாள். முழங்கை சண்முகப்ரியாவின் பெரிய பீங்கான் யானைமேல் பட்டது.

"ஆ! சுடுது!"

"காலையிலதான் அப்பா சூளையிலேருந்து எடுத்தாங்க. ஆறுற வரைக்கும் யாரு காத்திருப்பா? சாக்குல சுத்தித் தூக்கியாந்துட்டேன்."

கயல்விழி நிமிர்ந்தாள். டிஷ்ஷுக்கு நேர் எதிரே நின்றது யானை. இவ்வளவு நேரம் அது பார்த்தது வானத்தை இல்லை, யானையின் வயிற்றை!

'தூக்குடி அதை!' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் சண்முகப்ரியா முணுமுணுத்தாள்: "நம்மூர்ல யானை பொம்மையை யாரு நின்னு பாக்கப் போறாங்க? எல்லார் வூட்லயும்தான் இருக்குது."

அவளும் பயந்துதான் சிரித்திருக்கிறாள்!

"என்கூட சேர்ந்துக்கறியா? எனக்குச் சூடா ஒரு ஆள் வேணும்."

"நானா?"

"உன் யானை!"

நடுவர் வந்தபோது இருவரும் யானையை நகர்த்தினார்கள். ஊசி சரசரவென்று இறங்கியது. திரும்ப வைத்தார்கள். 'கீ' என்றது.

"பிரபஞ்சம் பொறந்தப்போ இருந்த சூட்டுல துளியூண்டு இன்னும் வானம் பூரா இருக்குது சார். அதை அளக்குற அளவுக்கு இந்த டிஷ்ஷு பத்தாது. தென் துருவத்துல பெரிய தொலைநோக்கி வெச்சு அளக்குறாங்க. தரையோட சூடு கலந்துடாம சுத்தி மறைப்பும் கட்டுறாங்க" என்றாள் கயல்விழி.

யானையை மறுபடி நகர்த்தினார்கள். நடுவர் ஆர்வம் தாங்காமல் டிஷ்ஷுக்குள் எட்டிப் பார்த்தார்.

'கீ!'

"சார், கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றாள் சண்முகப்ரியா பணிவாக. "இப்ப நீங்கதான் யானை."