குடியிருப்போர் ஆட்சேபனை

"ஒரு மண்ணின் மாண்பு அதில் வாழும் மக்களே" என்று தொடங்கியது, கரம்பொன் ஒழுங்கை ஒன்றிலிருந்து அரசாங்கத்துக்குப் போன ஆட்சேபனைக் கடிதம். வாழும் மக்கள் என்று எண்ணப்போனால் அந்த ஒழுங்கையின் பன்னிரண்டு வீட்டிலும் சேர்த்து இரண்டு பேர். ஒருவர், கடிதத்தை எழுதிய ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் விநாயகமூர்த்தி. மற்றவர், அதை வாசித்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்த எதிர்வீட்டு நாகபூசணி. மிச்சப் பத்து வீட்டுக்காரரும் ரொறன்ரோ, லண்டன் என்று போய்விட்டார்கள். அவர்களுடைய திறப்புகள் விநாயகமூர்த்தியின் இடுப்பில் தொங்கின.

திறப்பு வைத்திருப்பவர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டைத் திறந்து, கூட்டி, சாமிப்படத்துக்கு விளக்குக் கொளுத்தவேண்டும். அந்த உரிமையில் கையெழுத்தும் வைக்கலாம் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. பத்துப் பெயர், பத்துச் சுழி. ஒழுங்கை முடியுமிடத்துப் பனங்காணியில் டேட்டா சென்ரர் வந்தால், கணினிகளைக் குளிர்விக்கவென்று நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுவார்கள். சுற்றிவர உவர்க்கும் ஊரில் அவருடைய வளவுக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். "நாங்கள் அனைவரும் இங்கேயே குடியிருந்து, இக்கிணற்று நீரையே பருகி உயிர்வாழ்கிறோம்" என்று அடித்துச் சொல்லியிருந்தார்.

ஆட்களை நேரில் கண்டு சரிபார்க்க உத்தியோகத்தர் வரவிருந்த வெள்ளிக்கிழமை காலை, அவர் அள்ளிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மிடறு வாயில் விட்டார். யாரோ குடித்துவிட்டுத் திரும்பக் கிணற்றுக்குள் விட்டதுபோல வழுவழுத்தது. துப்பினார். நாக்கில் ஒரு நரைமயிர் ஒட்டியிருந்தது.

"கிணறு மூண்டு முழம் இறங்கியிருக்கு."

"அங்கை இன்னும் ஒரு கல்லுக்கூட வைக்கேல்லை, மாஸ்ரர். ஆர் உறிஞ்சினது?" குடத்தோடு வந்த நாகபூசணி எட்டிப் பார்த்தாள். "அதுசரி, அன்னபூரணமக்காவுக்கும் கையெழுத்து வச்சனீங்களாம். மனிசி லண்டனிலை செத்து மூண்டு வரியம்."

"இருந்தா அவவும் எதிர்த்திருப்பா."

"இருந்தா, ஓம். உத்தியோகத்தர் வந்து கேட்டா என்ன சொல்லப்போறியள்?"

"எல்லாரும் நயினாதீவுக் கோயிலுக்குப் போட்டினம் எண்டு சொல்லும்."

"செத்த மனிசியுமோ?"

ஆள் புழங்கும் வீடுகளாகக் காட்டவேண்டுமே என்று, தன் பழைய சாரங்களையும் செருப்புகளையும் ஓர் உரப்பையில் அடைத்துக்கொண்டு புறப்பட்டார். ரொறன்ரோவுக்குப் போன பாலசிங்கத்தின் வீட்டுக் கதவைத் திறந்ததும், ஈரத்துணியை மாதக்கணக்கில் பெட்டிக்குள் அமுக்கி வைத்துத் திறந்ததுபோன்ற புழுங்கல் நாற்றம் முகத்தில் அப்பியது. அதன் அடியில் ஊத்தைப் பல்லின் வாடை. யன்னல்கள் சாத்திய அந்தப் பகல் இருட்டில், குசினிப் பக்கமிருந்து, வெளியே கேட்கக்கூடாது என்ற கவனத்தோடு, மெல்ல, விடாமல், யாரோ விழுங்கிக்கொண்டிருந்தார்கள். நிலமெல்லாம் சளிபோல ஈரம். அவர் செருப்பு வைக்க வந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு சோடி கிடந்தது. நனைந்திருந்தது.

அடுத்த வீட்டிலும் அதே சத்தம். அதற்கடுத்த வீட்டிலும். அன்னபூரணத்தின் வீட்டை அவர் திறக்கவில்லை.

பையைப் போட்டுவிட்டு ஒழுங்கைக்கு ஓடிவந்தபோது, உத்தியோகத்தர் லக்சிகா ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள். "பிள்ளை, நான்தான் குடியிருப்போர் சங்கத் தலைவர்," என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படித்த திமிர் என்று நினைத்தார்.

அவள் பட்டியலை விரித்தாள்.

"பாலசிங்கம்?"

"ஓம்," என்றது உள்ளேயிருந்து, தண்ணீர் நிரம்பிய ஒரு தொண்டை.

சரி போட்டாள்.

"சத்தியபாமா?"

"ஓம்."

சரி.

அன்னபூரணத்தின் கதவு நாலு விரல் திறந்தது. ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த கை. விரல் நுனிகளில் தோல் கழன்று தொங்கியது. பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டது. விநாயகமூர்த்தி போட்ட அதே சுழி.

லக்சிகா லேஞ்சியால் மூக்கைப் பொத்தினாள். "அடையாள அட்டை தேவையில்லை அம்மா. ஆள் இருந்தாச் சரி." பேனாவைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள்.

கடைசியாக நாகபூசணி. அவளுக்கும் ஒரு சரி. பிறகு லக்சிகா எதிரே பார்த்தாள்.

"இந்த வீடு?"

"அது பூட்டின வீடு, பிள்ளை." நாகபூசணியின் பார்வை, படலையில் நின்ற விநாயகமூர்த்திக்குள்ளால் போய்க் கதவில் நின்றது. "திறப்பு அன்னபூரணமக்காட்ட இருக்கு."

இடுப்பைத் தடவினார். இல்லை.

கத்தினார். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து வெதுவெதுப்பாகத் தண்ணீர் வழிந்தது.

வளவைப் பார்த்தார். பத்துப் பேர். கிணற்றுக் கட்டில் வயிற்றை அழுத்திக் குனிந்திருந்தார்கள். வாளி இல்லை. கயிறு இல்லை. பத்து நாக்குகள் கிணற்றுக்குள் இறங்கியிருந்தன. அடியில் சேற்றை நக்கும் சத்தம்.

"பதினொரு குடும்பமும் இருக்கினம்," என்றாள் லக்சிகா ஸ்கூட்டியில் ஏறி. "இனி இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கட்ட ஏலாது."

கடிதத்தின் கையெழுத்துப் பட்டியலில் முதல் வரி வெறுமையாக இருந்தது. தலைவர் என்ற பதவியோடு ஆறுதலாக, அழகாகப் போடலாம் என்று விட்டுவைத்தது. விநாயகமூர்த்தி தன் கையெழுத்தைப் போட மறந்துபோயிருந்தார்.