வெள்ளைச் சட்டைக் காகம்

"கா… கா… கா…"

புதிதாகக் குடிவந்த நாட்டில், நார்த்மீட் வீட்டின் பின்வளவில் எள்ளுச் சோற்றை இலையில் வைத்துவிட்டு அம்மா கூப்பிட்டாள். புரட்டாசிச் சனி விரதம். காகம் சாப்பிட்ட பிறகுதான் அம்மா சாப்பிடுவாள்.

கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை இறங்கிச் சோற்றைக் கொத்தியது.

"பார் யோகா! எங்கட பொட்ஸ்வானாக் காகம் இங்கயும் வந்திட்டுது!" அம்மாவின் குரல் துள்ளியது.

போன வருடம்வரை அப்பாவுக்குப் பொட்ஸ்வானாவில் ஆசிரியர் வேலை. மணற்காட்டிலும் ஆற்றங்கரையிலும் தூரக்கண்ணாடியோடு பறவை பார்த்துத் திரிந்தவள் யோகா. அந்த ஊர்க் காகம் வெள்ளைச் சட்டை போட்டதுபோல இருக்கும். ஆனால் இறக்கை முழுக்கக் கறுப்பு. இதற்கோ இறக்கையிலும் வெள்ளை!

இது காகமே இல்லை. சொன்னால் அம்மா பட்டினி. சொல்லாவிட்டால்? விரதம் வீணாகிவிடும்.

"அம்மா… இது காகமில்லை, மேக்பை எண்டொரு பறவை."

அம்மா எடுத்த தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப காகம் எங்க?"

யோகா தூரக்கண்ணாடியைத் தூக்கினாள். தெருமுனைக் கம்பியில் இரண்டு காகங்கள்! ஒன்று இந்தப் பக்கம் பறந்து வந்தது. உடனே மேக்பை விர்ரென்று பாய்ந்து அதைத் துரத்தியது.

ஏன்? கண்ணாடியைப் பின்வளவு மரத்தின் உச்சிக்குத் திருப்பினாள். ஒரு கூடு. அதற்குள் திறந்த குட்டி வாய்கள்!

"குஞ்சு இருக்கம்மா! அதுதான் காகத்தை விடுதில்லை."

"பாவம், அதுவும் ஒரு தாயெல்லோ. அப்ப காகம் வராது."

"வராட்டி என்ன? நாங்கள் போவம்!"

"ஐயோ, எங்கட தலையிலயும் கொத்தும் பிள்ளை!"

யோகா குசினிக்குள் ஓடி, இரண்டு வெறும் ஐஸ்கிரீம் பெட்டிகளோடு வந்தாள். அவற்றின் பின்பக்கம் பெரிய கண்கள் வரைந்திருந்தாள்.

"பள்ளிக்கூடத்தில எல்லாரும் இதைத்தான் தலையில கவிழ்க்கிறவை. நாங்கள் பார்க்கிறம் எண்டு நினைச்சுக் கொத்தாதாம்."

சேலை, தலையில் பெட்டி, கையில் புதுச் சோற்றிலை. அம்மா புறப்பட்டாள். கதிரையில் இருந்த அப்பா பேப்பரை இறக்கினார்.

"இது எந்த நாட்டுப் பறவை?"

"சிரியாதேங்கோ! பசிக்குது!"

மேக்பை அவர்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. யோகா தன் தலைப்பெட்டியோடு குனிந்து நின்றாள். அது திரும்பிப் போயே விட்டது!

தெருமுனைப் புல்லில் இலையை வைத்தார்கள்.

"கா… கா…"

தொப்பென்று இறங்கியது ஒரு காகம். மூன்று வாய் விழுங்கியது. பிறகு, "ஆ… ஆ… ஆஆஆ!" என்று இந்த ஊர்க் காகங்களுக்கே உரிய குரலில் கைக்குழந்தைபோல நீட்டி அழுதது.

"சாப்பிட்டவர் ஏன் அழுறார்?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "பசியில நிக்கிறது நானெல்லோ! வா, ஓடுவம்!"

தலைப்பெட்டியைப் பிடித்தபடி அம்மாதான் முதலில் ஓடினாள்.